மாமியார் குரல்

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான்தான். அவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வாரம் அது. நான் பால் சொசைட்டிக்குள்ளே கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரிசையிலிருந்து என் குரலே கேட்டது. "தண்ணி ஊத்தினது போதும், கொஞ்சம் பாலும் ஊத்துங்கடி." தினமும் நான் போடுகிற சத்தம்தான். அதே இழுவை, கடைசியில் அதே செருமல். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வெளியே வந்து பார்த்தால், மாமியாருக்குப் பின்னால் தூக்குவாளியோடு புதுப்பெண் நிற்கிறாள், ஒன்றும் தெரியாத பிள்ளை போல. "ஏண்டி, நீ என்ன ரேடியோவா?" என்று கேட்டேன். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிஞ்சியது.

பத்தொன்பது வருஷமாக இந்த சொசைட்டியில் நான் பால் அளக்கிறேன். காலையிலும் மாலையிலும் ஷட்டரைத் தூக்கி, பால்மானியை மிதக்கவிட்டுத் தரம் பார்த்து, லிட்டரைச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். நோட்டில் இருக்கிற பெயர்கள் அத்தனையும் ஆண்கள். உறுப்பினர் அட்டை வீட்டு ஆண் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். அந்த ஆண்களோ கடல் தாண்டி எங்கேயோ கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாட்டை நேரில் பார்த்தே வருஷக்கணக்கு ஆகிறது. அவர்கள் கையெழுத்தை இங்கே மனைவிமார் போடுகிறார்கள். சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் வரிசையைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல ஆம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டார். "இருக்காங்க சார், நோட்டுல" என்று அவர் குரலிலேயே பின்னாலிருந்து பதில் வந்தது. வரிசை மொத்தமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கியது. எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் நான் சம்பளம் வாங்குகிறவள், சிரிக்கவில்லை.

அவள் கணவர் சாரம் கட்டுகிறவர். கட்டடம் எழும்பும்போது வெளிப்பக்கம் இரும்புக் குழாய்களையும் பலகைகளையும் பூட்டி, மற்றவர்கள் நின்று வேலை பார்க்க மேடை போடுகிற வேலை. கட்டடம் எத்தனை மாடியோ அதற்கும் மேலே ஓர் ஆள் உயரத்தில் அவர் நிற்க வேண்டும். கல்யாணமான நாற்பத்தோராம் நாள் கிளம்பிப் போனார். அதன்பிறகு வந்த எட்டு வருஷத்தில் அவர்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது மொத்தம் பதினோரு மாதம், அதுவும் துண்டு துண்டாக. குழந்தை இல்லை. அதற்கும் ஊர் அவளைத்தான் கேள்வி கேட்டது. கேட்டவர்களுக்கு அவள் டாக்டரம்மா குரலில் பதில் சொல்லுவாள்: "முதல்ல ரெண்டு பேரும் ஒரே நாட்டுல இருங்க, அப்புறம் மருந்து எழுதுறேன்."

இப்படிச் சொன்னால் ஏதோ சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள் என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டு மாடு, அரை ஏக்கர் நிலம், ஓட்டு வீடு, காது மந்தமான மாமியார், இத்தனையும் ஒருத்தி தலையில். மருந்து தெளிக்கிற டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு அவளே வயலில் இறங்குவாள். டப்பாவின் அடியில் கசிவு. மருந்து வழிந்து முதுகில் ஒரு கை அகலத்துக்குத் தோல் உரிந்து கிடந்தது. மாடு உதைத்து இடது கையில் இரண்டு விரல் உடைந்தது. காலம் கடந்து கட்டுப் போட்டதில் இரண்டும் கோணிக்கொண்டன. மீதி எட்டு விரலால்தான் பால் கறந்தாள். உழவுக்கு டிராக்டர்காரரைக் கூப்பிட்டால், வீட்டில் ஆண் இருந்தால் பேசச் சொல்லு என்று போனை வைத்துவிடுவார். நாலு நாள் அலைந்து பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் தன் கணவர் குரலில் அவளே பேசினாள். லீவில் வந்திருப்பதாகவும் காலையில் டிராக்டர் வேண்டும் என்றும் அதட்டலாகச் சொன்னாள். டிராக்டர் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. எங்கேம்மா அவர் என்று கேட்டதற்கு, இப்போதுதான் கிளம்பிப் போனார் என்று சொல்லிவிட்டாள்.

அந்த உரிந்த தோலும் கோணின விரலும் அவள் கணவருக்குத் தெரியாது. லீவில் வந்த நாட்களில் முதுகை மூடியே வைத்திருந்தாள். விரல் உடைந்தது அவர் கடைசியாக வந்துபோன பிறகு. அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் நான். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் சாரம் கட்டப் போனவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மாடு பாம்பு கடித்துச் செத்துப்போனது. கன்று போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் போனில் அவரிடம் ஓவென்று அழுதேன். என்னை விட்டுவிட்டு நீ அங்கே என்ன கிழிக்கிறாய் என்றெல்லாம் கத்தினேன். அவர் அழாதே அழாதே என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை ஆறாவது மாடியிலிருந்து விழுந்தார். பலகை ஈரமாக இருந்தது, கால் வழுக்கிவிட்டது என்று கம்பெனி சொன்னது. இருக்கலாம். பலகை ஈரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என் அழுகைதான் அவரைத் தள்ளிவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யார் என்ன சொன்னாலும் இன்றைக்கும் அதுதான் என் மனதில் இருக்கிறது.

அதன்பிறகுதான் சொசைட்டிப் படியில் ஒரு சட்டம் போட்டேன். எங்கள் ஊரில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்தப் படியில் மட்டும். வெள்ளிக்கிழமை கடல் தாண்டிப் போனவர்களுக்கு விடுமுறை, ஆகவே மத்தியானம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். யார் யாரிடம் என்ன பேசினாலும் என் காதில் விழும். பேசுகிறவள் முகம் மாறினாலே நான் உள்ளிருந்து கண்ணை உருட்டுவேன். உயரத்தில் நிற்கிற மனுஷனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். விதவை சொல்கிற பேச்சு, தட்டுவதற்குப் பயம். சுவர் இடிந்து விழுந்தவள், இந்த வருஷம் நல்ல மழைங்க என்றாள். மாட்டைப் பறிகொடுத்தவள், இப்போதெல்லாம் வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றாள். ஆடு திருடுபோனவள், பட்டி சுத்தமாக இருக்கிறது என்றாள். பேசி முடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

ரேடியோ அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். வீட்டில் எப்படி என்று அவர் கேட்டால் நல்லா இருக்குங்க என்பாள். உடம்பு எப்படி என்றால் நல்லா இருக்குங்க. அவர் "சரி. வேற?" என்பார். வேற ஒண்ணும் இல்லைங்க என்பாள். இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்து, போன் மாமியார் கைக்குப் போகும். அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு ஆசை. இந்தத் தடவை ஒப்பந்தம் முடிந்ததும் அவர் வந்துவிட வேண்டும், வந்தவர் திரும்பப் போகக்கூடாது. அதை என்னிடம் சொல்லியிருக்கிறாள், மாட்டிடம் சொல்லியிருக்கிறாள். அவரிடம் சொன்னதில்லை. ஏக்கமும் கெட்ட சேதிதானே.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது மாமியார் படுத்தார். அந்த மாமியாரும் மருமகளும் பகலெல்லாம் சண்டை போடுவார்கள், சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி தட்டில் ஒருத்தி அள்ளி வைப்பார்கள். மூச்சிரைப்பு வந்து மூன்றே நாளில் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் நானும் கட்டிலருகே இருந்தேன். கிழவி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குச் சொல்லாதே. மேல நிக்கிற பிள்ளை" என்றார். என் சட்டம் அவர் வாயிலிருந்து வந்தது. அடக்கத்துக்குக் கிழவியின் தம்பி மகன் வந்து முன்னால் நின்றான். மறுநாள் காலை பால் அளக்கும்போது வந்தவள் ஒவ்வொருத்தியிடமும் நான் சொன்னேன்: சேதி கடல் தாண்டக்கூடாது. எப்படியும் ஒப்பந்தம் முடியாமல் அவரை விடமாட்டார்கள், பாஸ்போர்ட் கம்பெனி பெட்டியில் இருக்கிறது. அவர் இருந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் வேறு யாரும் இல்லை. ஊர் வாயை மொத்தமாகக் கட்டிப்போட்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை, அம்மா எங்கே என்று கேட்டார். குளிக்கிறாங்க என்றாள் ரேடியோ. இரண்டாவது வாரம் தூங்குகிறார்கள். மூன்றாவது வாரம் தொண்டை கட்டியிருக்கிறது. பழைய பட்டன் போன், மாமியாரின் காதுக்காக எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், பழக்கதோஷத்தில் அப்படியே விட்டிருந்தாள். அவர் குரல் நடுங்குவது எனக்கே கேட்டது. "எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு? உண்மையைச் சொல்லு. நாளைக்கு இருபத்திரண்டாவது மாடியில ஏறணும். இதை மனசுல வச்சுக்கிட்டு நான் எப்படி ஏறுவேன்?"

ரேடியோ என்னைப் பார்த்தாள். என் கண் முன்னால் ஈரப் பலகை வந்து நின்றது. நான் ஷட்டருக்கு வெளியே வந்து அவள் தோளை அழுத்தி, ரகசியமாக, நீதான் எல்லார் குரலிலும் பேசுவாயே, பேசுடி என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பேசு என்று மறுபடியும் அழுத்தினேன். பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கிழவி செய்வது போல மூக்கால் ஒரு தடவை உறிஞ்சினாள். "தம்பி, தொண்டை கட்டினா ஒரு மனுஷியை நிம்மதியா இருக்க விடமாட்டியா? மேல ஏறும்போது கயித்தை மாட்டிக்க" என்றாள்.

கிழவியேதான். அந்தப் பக்கம் அவர் சிரித்தார், அழுகை கலந்த சிரிப்பு. போனை வைத்ததும் ரேடியோ எழுந்து போய் சொசைட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, ஐந்து மாதம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிடலாம் என்று தைரியம் சொன்னேன்.

அப்படித்தான் ஓடியது. முதலில் இரண்டு நிமிஷம் மனைவியாகப் பேசுவாள். அம்மாகிட்ட குடு என்பார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மாமியாராகப் பேசுவாள். நாள் ஆக ஆக அந்தப் பேச்சு நீண்டது. மனைவியிடம் வேற என்று கேட்டு நிறுத்துகிற மனுஷன் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தார். முட்டி வலிக்கிறது என்பார். பக்கத்துக் கட்டில்காரன் தூக்கத்தில் பேசுகிறான் என்பார். ஒருநாள் சொன்னார்: "மேல நின்னா பயமா இருக்கும்மா. இத்தனை வருஷம் ஆகியும் போகல. கீழயும் பார்க்க மாட்டேன், மேலயும் பார்க்க மாட்டேன், என் கையை மட்டும் பார்த்துக்கிட்டே இருப்பேன்." ரேடியோ மாமியார் குரலில் அவரைச் செல்லமாகத் திட்டினாள். அவர் குழந்தை போல உம் உம் என்று கேட்டுக்கொண்டார். சின்ன வயசுக் கதை ஏதாவது எடுத்தால், எனக்கு எங்கடா ஞாபகம் இருக்கு என்று சமாளித்துவிடுவாள்.

பேசி முடித்த பிறகும் அவள் படியைவிட்டு எழுந்திருப்பதில்லை. ஒரு தடவை என்னிடம், அக்கா, இவரை எனக்கு இப்போதுதான் தெரிகிறது, நான் குடும்பம் நடத்தினது வேறு யாரோடோ என்றாள். செத்துப்போன கிழவி மேல் அவளுக்குப் பொறாமை. அதைச் சொல்லி அவளே வெட்கப்பட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே முகம் தெளிந்துவிடும். மற்றப் பெண்கள் கேலி பண்ணுவார்கள், மாமியாரைத் தேடி வந்துட்டா பாரு என்று. நானும் சிரித்தேன். இது நல்லதற்கில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. அன்றைக்குப் படியில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவியிடம் வழக்கமான இரண்டு நிமிஷம் முடிந்து, போன் "அம்மா" கைக்கு வந்தது. அவர், இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், ஊருக்கு வராமல் இங்கிருந்தே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார்.

ரேடியோ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரல் மாறவில்லை. "ஏண்டா?"

"வந்து என்னம்மா பண்ண? அவ எல்லாத்தையும் பார்த்துக்கிறா. எப்ப கேட்டாலும் நல்லா இருக்குங்கறா. எட்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீங்க இல்லாம கஷ்டமா இருக்குன்னு சொன்னதில்ல. லீவுக்கு வந்தா எனக்கு உப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கேன். நான் இல்லாம அவளுக்கு ஒண்ணும் குறையல. உனக்கு நான் வேணும்னா சொல்லு, வர்றேன்."

இந்தப் படியில் உட்கார்ந்து நான் கட்டிக்காத்த சட்டம் இது. ஒரு ஆளைக் கீழே விழாமல் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவரை வீட்டிலிருந்தே வெளியே தள்ளியிருக்கிறேன். ரேடியோ என் பக்கம் திரும்பவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே, "அவ சொல்லமாட்டாடா. நீ மேல நிக்கிறியேன்னு சொல்லமாட்டா. உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கா" என்றாள்.

"அவ சொன்னாளா?"

"நான் சொல்றேன். வா."

"சரிம்மா. உனக்காக வர்றேன்."

போனை அணைத்துவிட்டு அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத மாதிரி இருந்தாள். நான் வெடித்தேன். வந்து நின்று அம்மா எங்கே என்று கேட்டால் என்ன செய்வாய், முன்கூட்டியே போனில் சொல்லிவிடு என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் சட்டத்தை நானே மீறச் சொன்னேன். அவள் முடியாது என்றாள். இப்போது சொன்னால் அவர் வரவே மாட்டார், வந்த பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன், என் முகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார் என்றாள். அந்த மாதம் முழுக்க வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தாள், மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக் கூட்டிப் பளிங்காக்கினாள்.

அவர் வந்தது ஒரு மத்தியானம். ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே சொசைட்டி. வாடகைக் காரை நிறுத்தி இறங்கி, அக்கா சௌக்கியமா என்றார். தலையில் நரை விழுந்திருந்தது. கைப்பையைத் திறந்து சின்னப் பெட்டி ஒன்றைக் காட்டினார். அம்மாவுக்குக் காதில் மாட்டுகிற மெஷின், இனிமேல் நான் கத்திக் கத்திப் பேச வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வீட்டுக்குப் போப்பா, அவ காத்துக்கிட்டிருக்கா என்றேன். கோழை. கார் நகர்ந்ததும் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டுக்குள் நடுக்கூடத்தில் நின்றிருந்தார். ரேடியோ நல்ல புடவை கட்டி, தலை வாரி, சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் கட்டில் கயிறு அவிழ்த்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ?" என்று கேட்டார்.

அவள் மாதத்தையும் தேதியையும் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட மென்று முழுங்கவில்லை.

"அப்போ போன்ல?"

"நான்தாங்க."

நான் வாசலிலிருந்து, தம்பி, இதெல்லாம் என் யோசனை, என் தப்பு, அவளை ஒன்றும் சொல்லாதே என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்திருந்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் கட்டில் சட்டத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு வான்னு கூப்பிட்டது?" என்று கேட்டார். அதுவும் நான்தாங்க என்றாள் அவள். "அப்போ எங்கம்மா கூப்பிடல" என்றார். அந்தச் சின்னப் பெட்டி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

பத்தொன்பது நாள் இருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போய் வந்தார். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினார். அவள் பால் கறக்கும்போது விரல்களைப் பார்த்துவிட்டு, எப்போது உடைந்தது என்று கேட்டாராம். மூன்று வருஷம் ஆகிறது என்றாளாம். சரி என்றாராம். தண்ணீர் வேண்டுமென்றால்கூட விருந்தாளி போலக் கேட்டு வாங்கிக் குடித்தார். ராத்திரி அம்மா படுத்திருந்த இடத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்தார். இருபதாம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மூன்று வருஷக் கையெழுத்தைப் போட்டாயிற்று என்று வாசற்படியில் வைத்துச் சொன்னாராம். அவள் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பாள்? அவள் என்ன சொன்னாலும் அது யார் பேச்சு என்று அவருக்குச் சந்தேகம்.

ஐந்து வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. ரேடியோ ஐந்து வெள்ளிக்கிழமையும் வந்து படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். யார் குரலிலும் அவள் பேசுவதில்லை. வரிசையில் நின்றால் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் வேண்டுமென்றே என் பழைய சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. ஆறாவது வாரம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். என் சட்டத்தை நானே அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன், அவர் மறுபடியும் எப்போதாவது கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்லு, உன் குரலில் சொல்லு, ஒன்றையும் விடாதே என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த வாரமெல்லாம் மாட்டுக் கொட்டகையில் தனியாக என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

ஆறாவது வெள்ளிக்கிழமை போன் அடித்தது. படியில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் கண்ணைக் காட்டியதும் எழுந்து தள்ளிப் போனார்கள். ரேடியோ பட்டனை அழுத்தினாள். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

அவள் பேசினாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. முதுகில் தோல் உரிந்ததைச் சொன்னாள். விரல் உடைந்த அன்று தனியாக நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னாள். டிராக்டர்காரர் பேசிய பேச்சு, பிள்ளை இல்லை என்று ஊர் கேட்ட கேள்வி, ராத்திரியில் கதவுக்கு உள்ளே உலக்கையைச் சாத்தி வைத்துத் தூங்குவது, அம்மா மூச்சுத் திணறின மூன்று நாள், எல்லாவற்றையும் சொன்னாள். யாரையும் போலப் பேசவில்லை, அவள் குரல் கரகரத்து, நடுவில் உடைந்து, மறுபடி ஆரம்பித்தது. கடைசியில், "நீங்க இல்லாம எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. எட்டு வருஷமாவே கஷ்டமாத்தான் இருந்துச்சு. திரும்பி வந்துருங்க" என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மூச்சு விடுகிற சத்தம் ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது. நான் ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேசுய்யா, ஏதாவது ஒரு வார்த்தை பேசு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் பேசினார்.

"அம்மாகிட்ட குடு."

செத்துப்போனது தெரிந்தும் கேட்கிறார், யார் பேசப்போகிறார்கள் என்று தெரிந்தும் கேட்கிறார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வைத்துவிடு என்று கையைக் காட்டினேன். வைத்துவிட்டால் அவர் மறுபடி கூப்பிடமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவருடைய அம்மாவாகப் பேச ஆரம்பித்தாள்.